சிறுவயதில் நெஞ்சில் நின்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சிப் படத்தை வளர்ந்தபின் மீண்டும் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுவயதில் ஓரிரு முறை மட்டுமே பார்த்துவிட்டு, இருபது முப்பது ஆண்டுகளாக மனத்திலேயே வைத்திருந்த ஒரு தொலைக்காட்சிப் படத்தை இப்போது மறுபடியும் பார்க்கலாமா என்று தயங்குபவர்கள் பலர். நானும் நெடுநாள் தயங்கினேன், பிறகு பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் எனக்குள் எழுந்த கேள்விகளையும், இதே தயக்கத்தோடு என்னிடம் வந்தவர்கள் கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தொலைக்காட்சித் திரைப்படம் என்று தனியாக எதைச் சொல்கிறீர்கள்?

திரையரங்குக்குப் போகாமல், முதன்முதலில் தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதற்கென்றே எடுக்கப்பட்ட முழுநீளக் கதைப்படத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஏபிசி நிறுவனம் 1969இல் வாரந்தோறும் ஒரு புதிய படம் என்ற வரிசையைத் தொடங்கியது. ஒளிபரப்பு நேரம் 90 நிமிடம். அதில் விளம்பரங்கள் போக, படத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 75 நிமிடம். இவ்வகைப் படங்களுக்குத் திரையரங்குப் படங்களைவிடப் பணமும் குறைவு, படப்பிடிப்பு நாட்களும் குறைவு. அறிவியல் புனைகதைக்கு இது பெரிய நெருக்கடி. விண்கலத்தை இரண்டு முறைக்கு மேல் காட்ட முடியாது. வேற்றுலகத்தைக் கட்ட முடியாது. ஆகவே, ஓர் அறைக்குள் இரண்டு பேரை உட்கார வைத்து, அவர்களுடைய பேச்சின் வழியாகவே ஒரு பெரிய கற்பனையை நம்ப வைத்தாக வேண்டும். பிபிசி 1972ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் ஒளிபரப்பிய 'தி ஸ்டோன் டேப்' அப்படிப்பட்டதுதான்: ஒலிப்பதிவுக்குப் புதிய ஊடகம் தேடும் ஆய்வாளர்கள் ஒரு பழைய மாளிகையில் வந்து தங்க, அங்கே ஓர் அறையின் கற்சுவரே கடந்தகாலத்தைப் பதிந்து வைத்திருக்கிறதோ என்ற ஐயம் அவர்களுக்கு எழுகிறது. பார்ப்பவருக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் சுவரும் முகங்களும்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் வீடியோ கேசட் வசதி பரவாத காலத்தில், இந்தப் படங்கள் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் ஓடின, தவறவிட்டால் தவறவிட்டதுதான். மறு ஒளிபரப்பு வரும் என்பதற்கு உறுதி இல்லை. திரையரங்கில் பிடித்த படத்தை மறுநாளும் போய்ப் பார்க்கலாம், பிடித்த புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். இதற்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு முறை பார்த்ததை வைத்துக்கொண்டு, மீதியை மனம்தான் பல ஆண்டுகள் காப்பாற்றியது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு செய்தி.

மீண்டும் பார்த்தால் பழைய இன்பம் கெட்டுவிடாதா?

ஓரளவுக்குக் கெடும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மனத்தில் இருந்த படத்தின் மேல் இப்போது பார்க்கும் படம் வந்து படியும். அதற்குப் பிறகு பழையதைத் தனியாகப் பிரித்து எடுப்பது கடினம். ஆனால் அதற்கு ஈடாக, வேறு எந்த வழியிலும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. அந்தப் படத்தில் எது படம் எடுத்தவர்களுடையது, எது நீங்கள் செய்து சேர்த்தது என்பது அப்போதுதான் தெரியவரும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒன்பது வயதில் நான் பார்த்த படத்தில், ஒரு விண்வெளி நிலையத்தில் தனியே வளரும் சிறுமியும் அவளைப் பேணும் ரோபோவும் வருவார்கள். முடிவில் மின்சாரம் போதாமல் போகிறது. சிறுமி பிழைக்க வேண்டுமானால் ரோபோவை நிறுத்தியாக வேண்டும். அதன் கண்களில் எரிந்துகொண்டிருந்த ஆரஞ்சு வெளிச்சம் மெல்ல மங்கி, ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கி, அந்தப் புள்ளியும் அணைந்துபோவதை நான் நூறு முறையாவது நினைத்துப் பார்த்திருப்பேன். பல ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தேன். காட்சி வந்தது. கேமரா ரோபோவின் பக்கம் திரும்பவே இல்லை. சிறுமியின் முகம் மட்டும்தான் திரை முழுவதும் இருந்தது. அவள் கன்னத்தில் விழுந்திருந்த ஆரஞ்சு வெளிச்சம் சட்டென்று விலகியது, சுவிட்ச் ஒன்று தட்டப்படும் ஒலி கேட்டது, அவ்வளவுதான். நான் வாழ்நாள் முழுவதும் சுமந்துவந்த காட்சி அந்தப் படத்தில் இல்லை.

முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்தக் கன்னத்து வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, திரைக்கு வெளியே நின்ற கண்களை ஒரு சிறுவன் தானே அணைத்துப் பார்த்திருக்கிறான் என்பது உறைத்தபோது, அந்த ஏமாற்றம் விலகி, படத்தின் மேல் எனக்கு முன்பைவிட மதிப்பு கூடியது.

படத்தில் இல்லாத காட்சி நினைவில் எப்படி வந்தது?

நினைவு என்பது பெட்டியில் போட்டு வைத்த பொருள் அன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கச் செய்து, பிறகு வெவ்வேறு இடைவெளிகளில் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். அவர்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகள் உதிர்ந்துபோயின. அல்லது பழக்கமானவையாக உருமாறின. 1995இல் ரோடிகர், மெக்டெர்மாட் என்ற இருவர் செய்த சோதனை இன்னும் எளியது. படுக்கை, ஓய்வு, கனவு, விழிப்பு என்பது போன்ற சொற்களை வரிசையாகப் படித்துக் காட்டினார்கள். 'உறக்கம்' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. கேட்டவர்களில் பலர், அந்தச் சொல்லையும் கேட்டதாக உறுதியோடு சொன்னார்கள். சுற்றியிருந்த எல்லாமே அந்தச் சொல்லைச் சுட்டியதால், மனம் அதைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டது.

என் ரோபோவின் கண்களும் அந்த 'உறக்கம்' போலத்தான். ஆனால் வெளிச்சம் புள்ளியாகச் சுருங்கியது எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பல நாட்கள் விளங்கவில்லை. பின்னர் ஒரு நாள் பளிச்சென்று புரிந்தது: பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்தால், திரையிலுள்ள படம் நடுவில் ஒரு வெண்புள்ளியாகச் சுருங்கி, சில நொடிகள் நின்று, பிறகு மறையும். படம் முடிந்ததும் வீட்டில் யாரோ பெட்டியை அணைத்திருக்கிறார்கள். அதுவே என் ரோபோவின் மரணமாகிவிட்டது.

இரண்டு படங்கள் ஒன்றாகக் கலந்துபோவதும் மிகச் சாதாரணம். ஒரே ஆண்டில் பார்த்த இரண்டு விண்வெளிப் படங்களில், ஒன்றின் கதையும் மற்றதன் நாயகனும் ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒரு படம் உருவாகும். அதை எத்தனை ஆண்டுகள் தேடினாலும் கிடைக்காது. பாதியில் தூங்கிப்போயிருந்தால், மீதிக் கதை கனவில் முடிந்திருக்கவும் கூடும்.

பார்ப்பதற்கு முன் ஏதேனும் செய்ய வேண்டுமா?

ஒன்றே ஒன்று, அதை அவசியம் செய்யுங்கள். படத்தைப் பற்றி நினைவில் இருப்பதை எல்லாம், ஒரு பக்கமாவது, எழுதி வையுங்கள். கதைச் சுருக்கம் வேண்டியதில்லை. நிறங்கள், ஒலிகள், யார் எந்தப் பக்கம் நின்றார்கள், கதவு மேலே போனதா பக்கவாட்டில் திறந்ததா, எந்த வசனத்தை நீங்கள் பிறகு விளையாட்டில் சொல்லித் திரிந்தீர்கள் என்பன போன்ற சின்னச் செய்திகளை எழுதுங்கள். உறுதியில்லாதவற்றையும் எழுதுங்கள். இணையத்தில் சுவரொட்டியையோ முன்னோட்டத்தையோ பார்ப்பதற்கு முன்பே எழுத வேண்டும், ஏனென்றால் ஒரே ஒரு நிலைப்படம் கண்ணில் பட்டாலும் நினைவு அதற்கேற்ப வளைந்துகொடுத்துவிடும், பிறகு நீங்கள் எழுதுவது நினைவா, அந்தப் படத்தைப் பார்த்ததன் விளைவா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். நான் எழுதி வைக்காமல் போயிருந்தால், ரோபோவின் கண்களைப் பற்றி இன்று இவ்வளவு துணிவாகச் சொல்ல முடிந்திருக்காது.

முதல் முறை தனியாகப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் பிடிக்கிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டே பார்த்தால், பார்ப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

எந்தப் பதிப்பைத் தேடிப் பார்ப்பது நல்லது?

இதில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஏனென்றால் இன்று கைக்குக் கிடைப்பது பல சமயங்களில் நீங்கள் அன்று பார்த்த படமே அன்று.

முதலில் திரையின் வடிவம். அந்தக் காலத்துப் படங்கள் 4:3 என்ற விகிதத்தில் ஒளிபரப்பாயின. அவற்றை இன்றைய 16:9 திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டினால், படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடும். நெருக்கமாக எடுக்கப்பட்ட முகங்களில் நெற்றியும் மோவாயும் காணாமல் போகும். பக்கவாட்டில் இழுத்து அகலப்படுத்தியிருந்தால் எல்லாரும் பருத்துத் தெரிவார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிற பதிப்புதான் சரியானது. அந்தப் பட்டையைக் குறையாக நினைக்க வேண்டாம்.

அடுத்தது வேகம். படச்சுருளில் நொடிக்கு 24 சட்டகங்களாக எடுத்ததை, பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25ஆக ஓட்டினார்கள். 96 நிமிடப் படம் 92 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல்களும் இசையும் சற்றே மேல் சுருதிக்கு ஏறும். அன்று அப்படிக் கேட்டதை இன்று மூல வேகத்தில் கேட்டு, 'அந்த விஞ்ஞானியின் குரல் இவ்வளவு கனமாகவா இருந்தது' என்று தோன்றினால், காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்றைய தொலைக்காட்சிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கிறது. இல்லாத இடைச் சட்டகங்களைக் கணித்துச் சேர்த்து, எல்லாப் படங்களையும் நேரலை நிகழ்ச்சி போல ஆக்கிவிடுகிறது. படம் தொடங்குவதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள்.

துல்லியமான உயர்தரப் பதிப்பு ஏன் வரவில்லை என்று சிலர் வருந்துவது உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல படைப்புகளைப் படச்சுருளில் எடுத்துவிட்டு, படத்தொகுப்பையும் தந்திரக் காட்சிகளையும் ஒளிநாடாவில் (வீடியோ டேப்பில்) முடித்தார்கள். ஒளிநாடாவில் உள்ள துல்லியம் அன்றைய தொலைக்காட்சியின் அளவுதான். அதைக் கூட்ட வேண்டுமானால், மூலச் சுருள்களைத் தேடி எடுத்து, படத்தை முதலிலிருந்து மறுபடி தொகுக்க வேண்டும்.

இசையும் மாறியிருக்கக்கூடும். இதற்கு மிகத் தெளிவான சான்று 'தி லேத் ஆஃப் ஹெவன்'. உர்சுலா லெ குவின் எழுதிய நாவலை வைத்து, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்காக 1980இல் எடுக்கப்பட்டது. இடையில் பீட்டில்ஸ் குழுவின் பாடல் ஒன்று முக்கியமான இடத்தில் ஒலிக்கும். உரிமைச் சிக்கல்களால் படம் பல ஆண்டுகள் ஒளிபரப்பப்படவே இல்லை; 2000ஆம் ஆண்டு மறுபடி வெளிவந்தபோது, அந்தப் பாடலை வேறு குரலில் பாடிச் சேர்த்திருந்தார்கள். அந்தப் படத்தின் கதை என்ன தெரியுமா? ஒரு மனிதன் காணும் கனவுகள் உலகத்தையே மாற்றிவிடுகின்றன. மாறியது மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. பழைய உலகம் எப்படி இருந்தது என்பது கனவு கண்டவனுக்கு நினைவிருக்கிறது. மூலப் பாடலோடு அதைச் சிறுவயதில் பார்த்தவர்கள், இப்போதைய பதிப்பின் முன் அந்த மனிதனைப் போலவே உட்கார்ந்திருப்பார்கள்.

தந்திரக் காட்சிகள் இப்போது மிகவும் மட்டமாகத் தெரிகின்றனவே?

அவை படக்குழாய்த் திரைக்காகச் செய்யப்பட்டவை. அந்தத் திரையில் கோடுகள் ஒன்றோடொன்று கசிந்து, விளிம்புகள் மழுங்கித் தெரியும். மாதிரி விண்கலத்தைத் தாங்கிய கம்பியையும், ஓவியப் பின்னணி முடிந்து செட் தொடங்கும் இடத்தையும் அந்த மழுக்கமே மறைத்துவிடும் என்று கணக்கிட்டுத்தான் கலைஞர்கள் வேலை செய்தார்கள். இன்றைய திரை அவர்கள் மறைத்ததை எல்லாம் வெளியே இழுத்துப் போடுகிறது. அது அவர்களுடைய தவறு என்று சொல்வது முறையாகாது.

நான் பார்த்த படத்தில் ஓர் இடம் உண்டு. நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பலகை முன் மருத்துவராக நடிப்பவர் அமர்ந்து ஒரு பொத்தானை அழுத்துகிறார். விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. அவர் வசனத்தை நிறுத்தாமல், கண்ணைக்கூட அசைக்காமல், கட்டைவிரலால் அதே பொத்தானை இன்னொரு முறை சற்று அழுத்தமாக அழுத்துகிறார். விளக்கு எரிகிறது. காட்சி தொடர்கிறது. மறுபடி எடுக்க நேரமில்லாமல் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சிறுவயதில் எனக்கு அது பழுதடைந்துகொண்டிருக்கும் நிலையத்தின் அடையாளமாகத் தெரிந்தது; மின்சாரம் போதாமல் போகப்போகிறது என்பதை அந்தப் பொத்தான்தான் எனக்கு முதலில் சொன்னது. இன்று அது தவறாகவும் தெரிகிறது, அடையாளமாகவும் தெரிகிறது. அந்த நடிகரின் கட்டைவிரலை நான் மிகவும் மதிக்கிறேன்.

விளம்பரங்கள் இல்லாமல் பார்க்கும்போது கதை தடுமாறுவது போலிருக்கிறது. ஏன்?

பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை இடைவேளை வரும் என்று தெரிந்தே அந்தத் திரைக்கதைகள் எழுதப்பட்டன. ஒவ்வோர் இடைவேளைக்கும் முன்னால் ஓர் அதிர்ச்சி, அதன்பின் திரை இருண்டு, திரும்பி வரும்போது சற்று நிதானமான தொடக்கம் என்பது அவற்றின் நடை. இடைவேளையை வெட்டிவிட்டால் அதிர்ச்சியும் நிதானமும் அடுத்தடுத்து மோதுகின்றன. திரை இருளும் இடங்களில் ஒரு நிமிடம் நிறுத்தி எழுந்து நடந்துவிட்டு வந்து பாருங்கள். படம் தன் பழைய மூச்சுக்குத் திரும்பிவிடும்.

படத்தில் உள்ள அறிவியல் தவறு என்று இப்போது தெரிகிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

தவறுகள் எல்லாம் ஒரு தரமானவை அல்ல. காற்றில்லாத வெளியில் வெடியோசை கேட்பது, தொலைவைக் குறிக்கும் 'ஒளியாண்டு' என்பதைக் கால அளவாகப் பேசுவது போன்றவை அன்றே தவறு என்று தெரிந்தவை; அவை அசிரத்தையால் வந்தவை. அன்றைய அறிவின் எல்லையில் நின்று ஊகித்தது பின்னர் பொய்த்துப் போவது வேறு. மாரினர் 4 விண்கலம் 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்து செல்லும்போது அனுப்பிய படங்களில் நிலவைப் போன்ற குழிகள் தெரிந்தன. அதுவரை செவ்வாயில் தாவரங்கள் இருக்கலாம் என்று அறிஞர்களே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1976இல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் தரையிறங்கியபோதுகூட, முதல் வண்ணப்படம் நீல வானத்தோடு வெளியாகி, பிறகுதான் இளஞ்சிவப்பு வானமாகத் திருத்தப்பட்டது. சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் 1995இல்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்கு முன் வந்த எந்தப் படத்தின் வேற்றுக்கோளும், இருக்கிறதா இல்லையா என்றே உறுதியாகத் தெரியாத ஒன்றைப் பற்றிய கற்பனை. அந்த நிலையில் ஒருவர் துணிந்து ஓர் உலகத்தைக் கட்டினார் என்பதை நினைத்துப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது.

சிறுவயதில் என்னை நடுங்க வைத்த படம் அது. இப்போதும் அப்படியே இருக்குமா?

பயம் இடம் மாறும். 1983 நவம்பர் 20 அன்று ஏபிசி ஒளிபரப்பிய 'தி டே ஆஃப்டர்' அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய அமெரிக்க ஊர்களைக் காட்டியது. ஏறத்தாழ 10 கோடிப் பேர் அன்று அதைப் பார்த்தார்கள். அதிபர் ரீகன் அதை முன்னதாகவே பார்த்துவிட்டு, தம்மை மிகவும் சோர்வடையச் செய்ததாக நாட்குறிப்பில் எழுதினார். மறு ஆண்டு பிபிசி 'திரெட்ஸ்' என்ற படத்தில் ஷெஃபீல்டு நகரத்துக்கு அதே கதி நேர்வதைக் காட்டியது. இவற்றைச் சிறுவயதில் பார்த்தவர்கள் பெரும்பாலும் வெடிப்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். வளர்ந்தபின் பார்க்கும்போது நெஞ்சை அடைப்பது வெடிப்புக்கு முந்தைய அரை மணி நேரம்: கல்யாணத்துக்கு ஆயத்தம் செய்பவர்கள், சமையலறையில் ஓடும் செய்தியைக் காதில் வாங்காமல் வேறு பேசிக்கொண்டிருப்பவர்கள். அந்தப் பேச்சைச் சிறுவர்கள் பொறுமையின்றிக் கடந்திருப்பார்கள்.

அந்தப் பயம் உங்களை உண்மையிலேயே பல ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்திருந்தால், பகலில் பாருங்கள். பாதியில் நிறுத்த வேண்டியிருந்தாலும் அதில் ஒரு குறையும் இல்லை.

முன்பு வெறுத்த பாத்திரத்தின் பக்கம் இப்போது மனம் சாய்கிறதே?

எனக்கு வந்த கேள்விகளிலேயே அதிகம் கேட்கப்பட்டது இதுதான். சிறுவயதில் நாம் கதையில் நம் வயதுள்ளவரோடு சேர்ந்துகொள்கிறோம். அவர் ஆசைப்படுவதைத் தடுப்பவர் எல்லாரும் கெட்டவர்கள். வளர்ந்தபின் பார்த்தால், ஓடிப்போக நினைக்கும் சிறுவனைத் தடுத்த தளபதிக்கு நாற்பது பேருடைய உயிர் பொறுப்பாக இருந்தது தெரியும். வேற்றுலக விருந்தாளியை மறைத்து வைத்த பிள்ளைகளைக் கண்டித்த தாய்க்கு, அவர்கள் எங்கே போனார்கள் என்பதே மூன்று நாட்களாகத் தெரியவில்லை என்பது உறைக்கும்.

மேலே சொன்ன 'தி லேத் ஆஃப் ஹெவன்' படத்தில் வரும் மருத்துவர் ஹேபர், கனவு காண்பவனைத் தன் வசப்படுத்தி உலகத்தைத் திருத்தப் பார்க்கிறார். மக்கள்தொகை நெருக்கடி தீர வேண்டும் என்று கனவு காணச் சொல்கிறார். கொள்ளைநோய் வந்து கோடிக்கணக்கானோர் மடிந்துபோன உலகம் பிறக்கிறது. நிறவேற்றுமை ஒழிய வேண்டும் என்கிறார். எல்லாரும் சாம்பல் நிறமாகிறார்கள். சிறுவயதில் பார்த்தால் அவர் வில்லன். அதில் ஐயமே எழாது. இன்று பார்க்கையில் அவர் கேட்டவற்றில் ஒன்றுகூடக் கெட்ட ஆசையாக எனக்குத் தெரியவில்லை. நல்லதைச் செய்யும் அவசரத்தில், அடுத்த மனிதனைக் கருவியாக்கிவிட்டவர் அவர். அந்த வகை மனிதர்களை நாற்பது வயதுக்குள் எல்லாரும் சந்தித்திருப்போம், சில சமயம் அந்த இடத்தில் நாமே நின்றிருப்போம்.

என் படத்தில் எனக்கு நேர்ந்தது வேறு. அந்தச் சிறுமிக்காக அழுதவன் நான். இம்முறை ரோபோ கடைசியில் சொல்லும் வசனம்தான் என்னை உலுக்கியது. அவள் சுவிட்சைத் தொடத் தயங்கும்போது, "காலையில் பல் துலக்க மறக்காதே" என்று சொல்கிறது. ஒன்பது வயதில் அந்த வசனம் என் காதில் விழுந்ததாகவே நினைவில்லை. எழுதி வைத்த பக்கத்திலும் அது இல்லை.

படத்தில் பெண்களையும் வேற்றினத்தவரையும் காட்டியிருக்கும் விதம் இப்போது உறுத்துகிறது. ரசித்தது தவறா?

ரசித்தது தவறில்லை, உறுத்துவதும் சரியானதே. விண்கலத்தில் இருக்கும் ஒரே பெண் விஞ்ஞானி ஒரு கணக்கும் போடாமல் காபி மட்டும் கொண்டுவந்து தருகிறார் என்றால், அதைக் கண்டு முகம் சுளிப்பதற்கான கண் உங்களுக்கு இடையில் வாய்த்திருக்கிறது. சிறுவயதில் அதைக் கவனிக்காமல் போனதற்கும் காரணம் உண்டு: படத்துக்கு வெளியே இருந்த உலகமும் அப்படியே இருந்தது.

என் பிள்ளைகளுக்கும் காட்டலாமா?

காட்டுங்கள், ஆனால் நீங்கள் தனியாகப் பார்த்து முடித்த பிறகு. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். அது அவர்களுக்குத் தெரிந்துவிடும், உங்களுக்காகப் பிடித்ததுபோல் நடிக்கத் தொடங்குவார்கள். அவர்கள் இருபதாவது நிமிடத்தில் எழுந்துபோனால் போகட்டும். அவர்களுடைய நெஞ்சில் நிற்கப்போகும் படம் எது என்று நம்மால் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியாது, நமக்கும் யாரும் அப்படித் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை.

பார்த்துவிட்டேன், சுத்தமாகப் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

சில படங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்திருக்காது. அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் முடிவு கட்டுவதற்கு முன், எழுதி வைத்த பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் உள்ளவை படத்தில் இல்லையென்றால், அவை எங்கிருந்து கிளம்பின என்று தேடுங்கள். ஒரு விளக்கின் நிறம், ஓர் ஒலி, பாதியில் நின்ற வசனம் என்று ஏதாவது ஒரு சிறு பொறி படத்தில் கட்டாயம் இருக்கும். ஒன்றுக்கும் உதவாத படத்திலிருந்து ஒரு பிள்ளை பெரிய உலகத்தைக் கட்டியிருந்தால், அந்தப் பொறிக்காவது படம் எடுத்தவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

எவ்வளவு தேடியும் படம் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்குமா?

முதலில், தேடுவது ஒரே படம்தானா, கலந்துபோன இரண்டு படங்களா என்று யோசியுங்கள். கதையை விட்டுவிட்டு, நடிகரின் முகத்தையோ இசையையோ பிடித்துக்கொண்டு தேடினால் சில சமயம் வழி திறக்கும். ஒளிபரப்பான ஆண்டை நெருங்கிவிட்டால், பழைய செய்தித்தாள்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பக்கங்கள் பெரிதும் உதவும்.

சில படைப்புகள் உண்மையிலேயே அழிந்துவிட்டன. ஒளிநாடா விலை அதிகமாக இருந்த காலத்தில், பழைய பதிவை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிவது ஒளிபரப்பு நிறுவனங்களின் வழக்கமாக இருந்தது. அதற்கும் முந்தைய காலத்தில் நேரலையாக நடித்து ஒளிபரப்பியவற்றைப் பதிவு செய்ததே அரிது. பிபிசியின் 1953ஆம் ஆண்டுத் தொடரான 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' ஆறு பகுதிகள் கொண்டது; முதல் இரண்டு மட்டுமே எஞ்சியிருக்கின்றன. ஆனால் அடுத்த ஆண்டு டிசம்பரில், 'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்' நாவலை அதே நிறுவனம் நாடகமாக 12ஆம் தேதி நேரலையில் ஒளிபரப்பி, நான்கு நாட்கள் கழித்து நடிகர்களை வரவழைத்து முழுவதையும் மறுபடியும் நேரலையில் நடிக்க வைத்தது. அந்த இரண்டாவது முறை, திரையில் ஓடியதைப் படச்சுருளில் பிடித்து வைத்தார்கள். இன்று நாம் பார்ப்பது அதைத்தான். முதல் நாள் பார்த்தவர்களின் நினைவில் இருந்த நடிப்பு வேறு; அதைச் சரிபார்க்க இனி ஒரு வழியும் இல்லை.

உங்கள் படமும் அப்படிப் போயிருந்தால், மேலே சொன்ன அந்த ஒரு பக்கத்தை இப்போதே எழுதுங்கள். எழுதிய தேதியையும் அதில் குறித்து வையுங்கள். என்றாவது ஒரு நாள் எங்கிருந்தாவது ஒரு பிரதி கிடைத்தால், பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டியிருக்கும்.